ஆற்றுக்குத் துண்டு போட்ட பறவை

மரமும் மீனும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கொற்றாறு என்ற ஆற்றைக் கடலுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மலை அவளுக்குத் தகப்பன். மலையை விட்டு இறங்கியதும் நாணலும் கோரையுமாக அகலக் கிடந்த படுகை அவளுக்குத் தாய்.

கடல் வீடு பெரிய வீடு. பெரிய வீட்டில் மருமகளுக்கு வேலையும் பெரிது. மலையில் தண்ணீரை மொண்டு, வழியெல்லாம் சுமந்து, கொண்டுபோய்க் கடலில் கொட்ட வேண்டும். எவ்வளவு கொட்டினாலும் போதும் என்ற சொல் அந்த வீட்டில் ஒருநாளும் எழுந்ததில்லை. கொற்றாறு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. படுகையின் ஓரமாக, ஒல்லியாக, ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டே இருப்பாள். நடக்கும்போது தாயின் முகத்தைப் பார்க்கலாம். நிற்க முடியாது.

வருஷத்துக்குப் பதினெட்டு நாள்தான் அவளுக்கு ஓய்வு. ஐப்பசியில் மலையில் மழை பிடித்ததும் உடம்பு கொள்ளாமல் பெருத்து, கெண்டை, கெளுத்தி, விரால் என்று தன் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு வருவாள். படுகையின் மேல் கையையும் காலையும் நீட்டிப் படுப்பாள். அவள் படுப்பதற்கு உலகத்தில் அந்த ஒரு இடம்தான் இருந்தது. மண்ணுக்கு வாய் கிடையாது, மடி உண்டு. தாய் ஒன்றும் கேட்க மாட்டாள், மகளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பதினெட்டாம் நாள் அவள் எழுந்து போன பிறகு பார்த்தால், படுத்த இடமெல்லாம் வண்டல் மெத்தென்று கிடக்கும். தாய்வீட்டுக்கே சீர் கொண்டுவந்த மகள் அவள் ஒருத்திதான்.

அந்தப் படுகையில் ஒரு மருதமரம். அதன் உச்சியில் ஒரு பறவை, பெண்டாட்டியோடு அழகான கூடு கட்டிக் குடியிருந்தது. அதன் கால்கள் நீளமாக, சோற்றைப் போல வெள்ளையாக இருக்கும். அதனால் வெண்காலன் என்று பெயர். பெண்டாட்டி வெண்காலி. வெண்காலன் முட்டையாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளத்தில் விழுந்து மிதந்து போனானாம். கொற்றாறுதான் அலுங்காமல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கினாள். அன்றைக்கே அவள் அக்கா, இவன் தம்பி.

வெண்காலனுக்கு உள்ளங்காலில் காது. தரையில் காலை ஊன்றி நின்றால் மலையடிவாரத்தில் அக்கா அடியெடுத்து வைப்பது கேட்கும். கேட்டதும் மரத்தை விட்டு இறங்கி, படுகை முழுக்க ஓடுவான்.

"அக்கா வர்றா! ஒதுங்குங்க! அக்கா வர்றா!"

முயல், நரி, பாம்பு, எலி எல்லாம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். வயல் எலி மட்டும் வருஷா வருஷம் முனகும்.

"உங்க அக்கா வந்தாலும் வந்தா, எங்களுக்கு வீடு மாத்தறதே பொழப்பாப் போச்சு."

"அவ வீட்டுலதான்டா நீ வருஷம் பூரா வாடகையில்லாம குடியிருக்க" என்பான் வெண்காலன். "பதினெட்டு நாள் ஒதுங்கிக்க உனக்கு வலிக்குதோ?"

போகும்போது கொற்றாறு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள்.

"தம்பி, என் இடத்தைப் பாத்துக்க."

"நான் இருக்கேன்க்கா."

அவ்வளவுதான். அந்த வார்த்தையை நம்பி அவள் வருஷம் முழுவதும் தண்ணீர் சுமந்தாள்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில்லாமல் போனது. அடுத்த ஐப்பசியும் போனது. படுகையோரம் நடந்த ஒல்லித் தண்ணீரும் வற்றி மலையோடு நின்றுபோனது. வெண்காலன் தினமும் மரத்தை விட்டு இறங்கி, காலை ஊன்றி நின்று பார்த்தான். எறும்பு ஊர்வது கேட்டது. கோரைக்கிழங்கு காய்ந்து வெடிப்பது கேட்டது. அக்காவின் கால் கேட்கவில்லை. மூன்றாவது ஐப்பசியில் அவன் நின்ற இடத்தில் இரண்டு குழி விழுந்துவிட்டது. அப்போதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் இறங்குவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்த மூன்று வருஷத்தில் மேட்டில் ஊர் வளர்ந்தது. இன்றைக்கு நகரம் என்கிறார்களே, அதுதான். அப்போது முப்பது வீடு இருந்தது. அது அறுபதாகி, நூறாகி, வீட்டுக்கு வீடு சுவர் இடித்துக்கொண்டு நின்றது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூத்துப் பார்க்கிற இடமானாலும், கிணற்றடியானாலும், பந்திச் சாப்பாடானாலும், ஒருவன் தன் தோள் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் அவனுடையது. அவன் வருகிற வரைக்கும் அதை யாரும் எடுக்கக் கூடாது. அடுத்தவன் துண்டை எடுப்பது அவன் வீட்டுக் கதவைப் பெயர்ப்பதற்குச் சமம். இன்றைக்கும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு அவ்வளவு வயது.

அந்த ஊரின் பெரிய வீட்டுக்காரன் சாத்தப்பன். அவன் பெண்டாட்டி காத்தாயி. அவர்களுக்கு ஒரே மகள் அஞ்சலை. ஆவணியில் அஞ்சலைக்குக் கல்யாணம் வைத்தார்கள். பந்தல் போட ஊருக்குள் ஒரு முழம் இடமில்லை. படுகையோ காய்ந்து, பரந்து, சும்மா கிடந்தது. ஆனால் வெண்காலனைக் கேட்காமல் யாரும் அங்கே காலடி வைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். சாத்தப்பனும் காத்தாயியும் தட்டில் தினையும் பழமும் வைத்துக்கொண்டு மருதமரத்தடிக்கு வந்தார்கள்.

"மூணு நாளைக்கு மட்டும் பந்தல் போட்டுக்கறோம். நாலாம் நாள் பிரிச்சிருவோம்" என்றான் சாத்தப்பன்.

"அது எங்க அக்கா இடம். என்னால குடுக்க முடியாது" என்றான் வெண்காலன்.

"உங்க அக்காதான் மூணு வருஷமா எட்டிப் பாக்கலையே."

"பாக்கலைன்னா? இடம் அவ இடம்தான்."

சாத்தப்பன் திரும்பப் போய்விட்டிருப்பான். காத்தாயி போகவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குக் கூடப் பொறந்தவன்னு யாருமில்லை. என் மக கல்யாணத்துல தாய்மாமன் நிக்கிற இடத்துல யாரை நிறுத்துவேன்? பட்டம் கட்ட ஆளில்லாத கல்யாணம்னு சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க. நீங்க எனக்கு அண்ணனா இருந்து அதை மட்டும் செஞ்சு குடுங்கண்ணே."

அண்ணே என்ற சொல் வெண்காலனின் காதில் விழுந்தது. மூன்று வருஷமாக அவனைத் தம்பி என்று கூப்பிட ஆளில்லை. தங்கைக்கு அண்ணனாகவும், மருமகளுக்கு மாமனாகவும், நூறு பேர் பார்க்க நடுப்பந்தலில் நிற்கவும் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் ஆசைப்பட்டதற்காக அவனை நான் விட்டுவிட மாட்டேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

"மூணு நாள்தானே?" என்றான்.

"மூணே நாள்" என்று சாத்தப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் படுகையில் போட்டான்.

மரத்தின் மேலிருந்து வெண்காலி கேட்டாள். "மதினி வந்தா எங்க படுப்பாங்க?"

"மூணு வருஷமா வராதவ, இந்த மூணு நாள்லயா வந்துடப் போறா?"

"அவங்க வர மாட்டாங்கன்னு யார் சொன்னா?"

"என் கால் சொல்லுது" என்றான். அவன் காலை ஊன்றி நின்று பல மாதம் ஆகியிருந்தது.

கல்யாணம் நடந்தது. வெண்காலனுக்கு முதல் இலை. பட்டம் கட்டிய பிறகு காத்தாயி தட்டிலிருந்து குங்குமம் எடுத்து அண்ணனுக்கு வைத்தாள். பறவைக்கு நெற்றி எவ்வளவு இருக்கும்? குங்குமம் இரண்டு பக்கமும் வழிந்து கண்ணோரத்தில் நின்றது. வெண்காலன் அதைத் துடைக்கவே இல்லை. தண்ணீரில் முகம் காட்டிப் பார்க்கலாம் என்றால் தண்ணீர்தான் இல்லை.

நாலாம் நாள் பந்தலைப் பிரிக்கவில்லை.

"தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவாங்க. எப்படியும் பந்தல் போடணும். பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறது என்னத்துக்கு மச்சான்?" என்றான் சாத்தப்பன். மச்சான் என்று சொன்ன பிறகு என்ன பேசுவது?

ஒரு துண்டு கிடந்தால் பக்கத்தில் இன்னொரு துண்டு விழும். சம்பந்தி வீட்டு வண்டி மாட்டுக்கு ஒரு துண்டு. பானை செய்கிறவன் களம் போட ஒரு துண்டு. மேட்டில் வீடு இடிந்தவன் ஒரு துண்டு. இடியாதவன் இரண்டு துண்டு. புரட்டாசி முடிவதற்குள் நாணலையும் கோரையையும் வெட்டிவிட்டுப் படுகை முழுக்கத் துண்டு விரித்திருந்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று வண்ணான் துறையைப் போல இருந்தது. வயல் எலி மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே போனது.

"பதினெட்டு நாளைக்கு என்னைத் திட்டினியே" என்று வெண்காலனிடம் சொல்லிவிட்டுத்தான் போனது.

ஐப்பசியில் தலைதீபாவளி வந்தது. அஞ்சலையும் மாப்பிள்ளையும் வண்டியை விட்டு இறங்கினார்கள். காத்தாயி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு, "கால் வலிக்குதாம்மா? வா, வந்து செத்த நேரம் படு" என்றாள். பந்தலின் நடுவில் தாய்மாமனுக்கு உயரமாகப் பலகை போட்டு, இலவம்பஞ்சு மெத்தை விரித்து வைத்திருந்தார்கள். வெண்காலன் அதன் மேல் நின்றான். மேளம் காதைப் பிளந்தது.

வெண்காலி ஓடி வந்தாள். "இறங்குங்க. தரை அதிருது."

"மேளம் அடிக்கிறான். அதிராம என்ன செய்யும்?"

"இது மேளம் இல்லை. ஒருதரம் காலை ஊன்றிப் பாருங்க."

"விசேஷ வீட்டுல வந்து கத்தாதே. நாலு பேர் பாக்கறாங்க" என்றான். மெத்தையை விட்டு அவன் இறங்கவில்லை.

உச்சிவெயில் சாய்கிற நேரம். ஆற்றின் மேல்வளைவில் கொற்றாறு வந்து நின்றாள்.

ஓய்வில்லாத மூன்று வருஷத்துக் களைப்பு அவள் உடம்பில் இருந்தது. தகப்பன் வீட்டில் மழை ஒரேயடியாகப் பிடித்து, சுமக்க முடியாமல் சுமந்துகொண்டு வந்திருந்தாள். மடியிலும் தோளிலும் பிள்ளைகள். வளைவு திரும்பியதும் படுத்துவிடலாம் என்று வந்தவள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள். மேளம் நின்றது. பந்தியில் இருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவன் சொன்னான். "துண்டு கிடக்கு தாயி. ஆள் இருக்கோம்."

கொற்றாறு அவனைப் பார்க்கவில்லை. பலகையின் மேல் குங்குமத்தோடு நின்ற வெண்காலனைப் பார்த்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு துண்டு போட்டு வைக்கலையாப்பா?"

வெண்காலன் தலையைக் குனிந்து மெத்தையைப் பார்த்தான்.

அப்போது அஞ்சலை எழுந்தாள். தான் படுத்திருந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இங்க படுங்க ஆத்தா" என்றாள். தாய்வீட்டுக்கு வந்தவளுக்குத்தான் தாய்வீட்டுக்கு வந்தவளின் கால்வலி தெரியும்.

ஒரு துண்டு அகலம். கொற்றாறு தலையை வேண்டுமானால் அதில் சாய்க்கலாம். உடம்பை எங்கே வைப்பாள்? தண்ணீரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

"ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுல இருக்கிற மரத்துல ஏறிக்கம்மா. உங்க ஆளுகளையும் ஏறச் சொல்லு" என்று அஞ்சலையிடம் சொன்னாள். அவர்கள் ஏறுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

அவள் படுக்கவில்லை. படுகையின் மேல் நடந்து, மேட்டின் மேல் நடந்து, ஊருக்குள் தெருத் தெருவாக நடந்து போனாள். பந்தல் போனது, பானைகள் போயின, சாத்தப்பன் வீட்டுக் கதவு போனது. உயிர் ஒன்றும் போகவில்லை. துண்டுகள் எல்லாம் அவளோடு போயின. இன்றைக்கும் புதுவெள்ளத்தில் நுரை வெள்ளை வெள்ளையாக, நீள நீளமாக மிதந்து போகிறதே, அவை அன்றைக்கு அவள் அள்ளிக்கொண்டு போன துண்டுகள்.

வெண்காலன் மெத்தையிலிருந்து தண்ணீருக்குள் குதித்தான். ஓடி ஓடி அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மூன்று வருஷம் கழித்துத் தாய்வீட்டுக்கு வருகிறோம் என்று பாதம் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மஞ்சள் அவன் காலில் ஏறியது.

"அக்கா, தப்புதான்க்கா. ஒரு வார்த்தை பேசிட்டுப் போக்கா."

"இனிமே நான் வர்றதை உன் காலுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். காலை விடுவித்துக்கொண்டு கடல் வீட்டுக்கு நடந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு வெண்காலன் தரையில் காலை ஊன்றிப் பார்த்தான். எறும்பு ஊர்வதும் கேட்கவில்லை. கால் செவிடாகிவிட்டது. நின்ற இடம் சரியில்லையோ என்று நாலடி ஓடி, நின்று, ஊன்றிப் பார்த்தான். இன்னும் நாலடி ஓடி, நின்று பார்த்தான். அந்தப் பறவை இன்றும் அப்படித்தான் நடக்கிறது. நாலடி ஓடும், நிற்கும், தலையைச் சாய்க்கும், மறுபடி ஓடும்.

மருதமரத்துக் கூட்டுக்கு அவன் திரும்பவில்லை. உயரத்தில் நின்றதால் வந்த வினை என்று, இனி கிளையில் கால் வைப்பதில்லை என்று தீர்மானித்தான். மாசி கழிந்து வெண்காலிக்கு முட்டையிடும் காலம் வந்தது. வண்டலும் கூழாங்கல்லுமாகக் கிடந்த வெட்டவெளியில், நடுப்படுகையில் போய் உட்கார்ந்தாள்.

"இங்கயா இடப் போற? ஒரு குச்சியாவது பொறுக்கிட்டு வரட்டுமா?" என்றான்.

"வேணாம். மதினிக்கு இடம் போடறேன்."

"துண்டு?"

"நம்மகிட்ட துண்டு ஏது? இருக்கறதைத்தான் போடணும்."

நாலு முட்டை இட்டாள். நாலையும் நாலு மூலைக்கு வைத்து, கூர்நுனி உள்ளே பார்க்கும்படி திருப்பினாள். விரித்துப் போட்ட துண்டின் நாலு முனையைப் போல இருந்தது. தன் பிள்ளைகளை அடகு வைத்து ஒருத்தி இடம் பிடித்தால், அதை எவன் எடுக்கத் துணிவான்?

மேட்டு ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். சாத்தப்பன் கரையிலேயே நின்றுகொண்டான். "இனிமே இந்தப் படுகையில எங்க துண்டு விழாது. சுவரும் எழும்பாது" என்று மண்ணைத் தொட்டுச் சொன்னான். சொன்னதை அவன் வழி வந்தவர்கள் எத்தனை முறை மறந்தார்கள் என்பது அந்த மண்ணுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்றைக்கு நகரத்தின் எல்லையில் படுகையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே வீடு கட்டக் கூடாது என்று போர்டு வைக்க வேண்டியிருக்கிறது. போர்டு வைத்தவர்கள் தாங்கள்தான் அந்த இடத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

வேலியைத் தாண்டி ஒரு கால் உள்ளே வந்தால் போதும். நரியின் காலோ, நாயின் காலோ, செருப்புப் போட்ட காலோ, அந்தப் பறவை எழும்பித் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். "ஆள் வருது, ஆள் வருது" என்று, இடம் பிடித்து வைத்தவன் கத்துகிற கத்தல். தங்களைத்தான் காட்டிக் கொடுக்கிறது என்று நினைத்து ஊர்க்காரர்கள் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொற்றாறு இப்போதும் ஐப்பசியில் வருகிறாள். சொல்லாமல் வருகிறாள். படுகையில் படுக்கிறாள், வண்டல் விட்டுவிட்டுப் போகிறாள். கடைசியில் அக்காவும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள் என்று இந்தக் கதையைச் சிலர் முடிப்பார்கள். அது பொய். அவள் இன்றுவரை அவனோடு பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? ஆனால் பதினெட்டாம் நாள் போகும்போது கீழ்வளைவில் ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் போவாள். அவள் திரும்பிப் பார்ப்பதால் விழுகிற சுழி அது என்கிறார்கள். நான் பல வருஷம் அந்த வளைவில் நின்று பார்த்திருக்கிறேன். சுழி இருக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில வருஷம் கோடை மழை பிடித்து, காலம் தப்பி முன்னாலேயே வந்துவிடுவாள். முட்டைகள் தண்ணீரோடு போய்விடும். அப்போது ஆள்காட்டி கத்துவதில்லை. ஈரம் தொடுகிற இடத்தில், கண்ணோரத்துக் குங்குமமும் மஞ்சள் காலுமாக நின்று, அக்கா தன் இடத்தை எடுத்துக்கொள்வதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி போய் நடுப்படுகையில் உட்காரும்.

அந்தத் தலைதீபாவளியிலிருந்துதான் ஆள்காட்டி மரத்தில் ஏறுவதில்லை, கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் நாலு முட்டையை நாலு மூலைக்கு வைத்து, பேசாத அக்காவுக்கு இடம் போட்டுக்கொண்டு நிற்கிறது.